எம்புட்டுத் தூரம் போகும்?

திருத்தங்கலில் ஒரு கல்யாணம். நின்ற நாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு மலையிறங்கினால், அக்கா பெண் காத்திருந்தாள். எம்.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ். பிஎச்.டி.க்குச் சென்னை போக ஆசை. "மாமா, நான் என்ன பண்றேன்னு அப்பாவுக்கு நீங்க சொல்லிருங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

அவள் விஷயம், பிளாஸ்மானிக் வேவ்கைடு. அத்தான், பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரியாத்தனமாக ஒப்புக்கொண்டேன்.

"அத்தான், ஒளி ரொம்ப வேகம். ஆனா குண்டு."

"வெளிச்சத்துல என்ன மாப்ளே குண்டு?"

ஃபைபரில் இன்டர்நெட்டைச் சுமந்து ஓடும் ஒளியின் அலைநீளம் சுமார் 1,550 நானோமீட்டர். சிப்புக்குள் டிரான்சிஸ்டரின் உறுப்புகளோ சில பத்து நானோமீட்டர். கண்ணாடியோ சிலிக்கானோ, அதற்குள் ஒளியை ஏறக்குறைய பாதி அலைநீளத்துக்குக் கீழே நெருக்க முடியாது. முட்டுச்சந்துக்குள் தேர் இழுக்கிற கதை.

உலோகம் இருந்தால் முடியும். வெள்ளி, தங்கத்தின் மேற்பரப்பில் தகுந்தபடி ஒளி பட்டால், அங்குள்ள எலெக்ட்ரான்கள் கும்பலாக அலைபாயும். ஒளி அந்த அலையோடு ஒட்டிக்கொண்டு நகரும். இதுதான் பிளாஸ்மான். (1957-லேயே ரிச்சி என்பவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.) இரண்டு உலோகச் சுவருக்கு நடுவே சில பத்து நானோமீட்டர் இடுக்கு போதும், ஒளி புகுந்துவிடும்.

அத்தான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "எம்புட்டுத் தூரம் போகும்?"

வசமாக மாட்டினேன். இந்த சப்ஜெக்ட்டின் சீக்கே அதுதான். எலெக்ட்ரான்கள் முட்டி மோதி ஒளியைச் சூடாக்கித் தின்றுவிடும். ஃபைபரில் கிலோமீட்டர் கணக்கில் போவது, இந்த இடுக்கில் சில பத்து மைக்ரோமீட்டருக்குள் சோர்ந்துவிடும். தலைமுடிப் பருமன்கூடத் தேறாது. இடுக்கைக் குறைத்தால் தூரம் இன்னும் குறையும்.

"நமத்த திரி," என்றார். "பாதியில அணைஞ்சா எவன் வாங்குவான்?"

பெண்தான் காப்பாற்றினாள். "நீளமா வெச்சாத்தானேப்பா அணையும்? வழி பூரா சிலிக்கான்ல கொண்டாந்து, சிக்னல் ஏத்துற எடத்துல மட்டும் இத்துனூண்டு உலோகம்."

கற்பனையில்லை. 2015-ல் ஜூரிச் ஈ.டி.எச். குழு 10 மைக்ரோமீட்டர் நீளத்தில் மாடுலேட்டர் செய்து காட்டியது. வழக்கமான லித்தியம் நியோபேட் சமாசாரம் சென்டிமீட்டர் கணக்கில் நீளும். அந்தப் பொடியிலும் ஒளியில் நல்ல பங்கு உலோகத்துக்குக் காணிக்கைதான். வேகத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். சிலிக்கானில் ஒளி ஓட்டும் ஆராய்ச்சி சென்னை ஐ.ஐ.டி.யிலும் நடக்கிறது. இவளுக்குக் கண் அங்கே.

அத்தான் வெகுநேரம் பேசவில்லை. வேலை பார்த்த காலத்தில் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாரோ.

"திரியக் கொறைக்கிறது ஆபத்தாச்சே. ஒன் சாமான் வெடிக்காதுல்ல?"

"வெடிக்காதுப்பா."

"அப்ப ஃபாரத்தை எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடுதேன்."