எந்தப் பக்கம், என்ன காரணம்? 25 நூல்கள் பறிமுதல் குறித்து எங்கள் நிலைப்பாடு

ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசத்தின் உள்துறை 2025 ஆகஸ்ட் 5 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டு 25 நூல்களைப் பறிமுதல் செய்திருக்கிறது. வரலாறு, சட்டம் கற்பிப்போர், மொழிபெயர்ப்பாளர்கள், நூலகர்கள், சிறு பதிப்பாளர்கள் சேர்ந்த எங்கள் மன்றம் அந்த அறிவிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கிறது. செயற்குழு மூன்று முறை கூடி, இரண்டு வரைவுகளைக் கைவிட்ட பிறகே இந்த வாசகத்துக்கு வந்து சேர்ந்தது. கீழே வரும் எல்லா வரிகளிலும் எல்லோருக்கும் உடன்பாடு என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன கோரிக்கையில் மட்டும் ஒருவர்கூட மாறுபடவில்லை.

பழைய கதைகளை உறுப்பினர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து ஏ. கே. ராமானுஜனின் கட்டுரை எடுக்கப்பட்டது, 2014இல் வெண்டி டோனிகரின் நூலைப் பதிப்பகமே திரும்பப் பெற்றது, 2015 தொடக்கத்தில் நாமக்கல்லில் பெருமாள்முருகனை அதிகாரிகள் முன்னிலையில் உட்கார வைத்துப் பேசியது எல்லாம் நம் கண் முன்னால் நடந்தவை. அவற்றில் முன்னால் நின்றது கூட்டத்தின் மிரட்டல், பின்னால் நின்றது நிறுவனங்களின் அச்சம். இப்போது அரசே சட்டப் பிரிவைக் கையில் எடுத்து, ஒரே தாளில் 25 நூல்களின் மேல் கை வைத்திருக்கிறது. அதனால்தான் இந்த அறிக்கை சற்று நீளமாக இருக்கிறது.

முதலில், நாங்கள் எதைப் பேசவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். காஷ்மீரின் அரசியல் எதிர்காலம் பற்றி இந்த மன்றத்துக்கு நிலைப்பாடு எதுவும் இல்லை. 370ஆவது பிரிவு நீக்கப்பட்டதன் ஆறாம் ஆண்டு நாளிலேயே அறிவிக்கை வெளியானது பற்றியும் உறுப்பினர்களிடம் வெவ்வேறு கருத்துகள் உள்ளன. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட துயரத்தை மறந்துவிட்டு நாங்கள் எழுதவில்லை. பொது அமைதியைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதையும் ஏற்கிறோம். பட்டியலில் உள்ள எல்லா நூல்களும் ஒரே தரத்தவை என்றும் நாங்கள் கருதவில்லை. ஹசன் அல் பன்னா, மௌதூதி ஆகியோரின் சமய அரசியல் நூல்களும் அதில் உள்ளன. அவற்றைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியதால் இங்கே குறிப்பிடுகிறோம்.

ஆனால் பட்டியலின் பெரும்பகுதி எது என்று பாருங்கள். அரசியல் அறிஞர் சுமந்திர போஸின் இரண்டு நூல்கள். சுகதா போஸும் ஆயிஷா ஜலாலும் சேர்ந்து தொகுத்த ஒரு கட்டுரைத் தொகுப்பு. 1953 முதல் 1963 வரை நடந்த பக்ஷி குலாம் முகமது ஆட்சியை ஆராய்ந்து ஹஃப்ஸா கஞ்வால் எழுதி, 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட வரலாறு. குனான் போஷ்போராவில் 1991 பிப்ரவரியில் ஓர் இரவில் நடந்ததாகப் பெண்கள் சொன்னதையும், அரசுத் தரப்பு மறுத்ததையும், வழக்கு போன போக்கையும் தேடி ஐந்து இளம் பெண்கள் எழுதிய நூல். பயங்கரவாதத்தை எதிர்கொள்வது பற்றிய ஒரு தொகுப்புகூடப் பட்டியலில் இருக்கிறது. இவை அடிக்குறிப்போடு வந்த நூல்கள். தவறு என்றால் எந்த ஆவணத்தில் தவறு, எந்த வாதத்தில் ஓட்டை என்று விரல் வைத்துக் காட்டலாம். எங்கள் உறுப்பினர் சிலர் இவற்றில் இரண்டு மூன்று நூல்களோடு கடுமையாக முரண்படுகிறார்கள். கஞ்வாலின் தலைப்பையே ஏற்க முடியாது என்பவர் செயற்குழுவிலேயே இருக்கிறார். அவர் கேட்ட கேள்வியை அப்படியே பதிவு செய்கிறோம்: மறுப்பு எழுதக்கூட ஒரு பிரதி வேண்டாமா?

இனி, செயற்குழு அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறோம். அறிவிக்கை என்ன காரணம் சொல்கிறது? வரலாறு, அரசியல் விமர்சனம் என்ற போர்வையில் பொய்க் கதையாடலும் பிரிவினையும் பரப்பப்படுகின்றன, இளைஞர்களின் மனம் கெடுகிறது, பயங்கரவாதிகள் போற்றப்படுகிறார்கள், பாதுகாப்புப் படைகள் இழிவுபடுத்தப்படுகின்றன என்கிறது. 25 நூல்களுக்கும் சேர்த்து இந்தப் பொதுக் குற்றச்சாட்டுதான். எந்த நூல் இதில் எதைச் செய்தது? எந்த அத்தியாயம்? எந்தப் பக்கம்? ஒன்றுக்கும் பதில் இல்லை. 400 பக்க நூலை எழுதப் பத்து ஆண்டு உழைத்தவருக்கு, அவர் நூலைப் பற்றி மட்டும் பேசும் ஒரே ஒரு வாக்கியத்தைக்கூட அரசு எழுதிக் கொடுக்கவில்லை. இதை நாங்கள் நடைமுறைக் குறை என்று மெதுவாகச் சொல்லப் போவதில்லை. இது அவமதிப்பு.

சட்டம் இப்படிச் செய்ய அனுமதிக்கவில்லை. அறிவிக்கை கையில் எடுத்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவேதான். அதற்கும் முன்னால் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 99ஏ பிரிவாக இருந்தது. வெள்ளையர் காலத்திலிருந்து வரும் அதிகாரம் இது. எனினும் அதில் ஒரு கடிவாளம் உண்டு: அரசு தன் கருத்துக்கான அடிப்படைகளைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாத பறிமுதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1961இல் ஹர்னாம் தாஸ் வழக்கிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. பெரியாரின் இராமாயண ஆய்வு ஆங்கிலத்தில் வந்தது. கான்பூர்ப் பக்கத்து லலாய் சிங் யாதவ் அதை இந்தியில் ‘சச்சி ராமாயண்’ என்று வெளியிட்டார். உத்தரப் பிரதேச அரசு 1969 டிசம்பரில் இரண்டையும் பறிமுதல் செய்தது. அந்த அரசு அப்போது ஒரு வேலையைச் செய்திருந்தது: பின்னிணைப்பில் அட்டவணை போட்டு, ஆங்கிலப் பதிப்பில் எந்தப் பக்கம் எந்த வரி, இந்திப் பதிப்பில் எந்தப் பக்கம் எந்த வரி என்று குறித்திருந்தது. அது போதாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971இல் ஆணையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1976 செப்டம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வரிகளைச் சுட்டிவிட்டால் காரணம் சொன்னதாகிவிடாது, அந்த வரிகள் ஏன் குற்றம் என்று அரசு கருதுகிறது என்பதைச் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால்தான் குடிமகன் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்துப் பேச முடியும் என்பதுதான் அதன் சாரம். தீர்ப்பு வந்த காலத்தையும் கவனியுங்கள். அது நெருக்கடி நிலைக் காலம். நாடே வாய்மூடிக் கிடந்தபோது ஒரு சிறு பதிப்பாளருக்குக் கிடைத்த நியாயம் அது. 1969இல் லக்னோவில் உட்கார்ந்து யாரோ ஒரு குமாஸ்தா பக்கமும் வரியும் எண்ணினார். 2025இல் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் 25 நூல்களை வாரிக்கொண்டு போகிறார்கள்.

இந்த வழியில் வந்த ஆணைகள் பலவும் நீதிமன்றத்தில் விழுந்திருக்கின்றன. காந்தியைக் கொன்றவரின் தம்பி கோபால் கோட்சே எழுதிய நூலைப் பறிமுதல் செய்த ஆணையைக்கூட பம்பாய் உயர் நீதிமன்றம் 1969இல் ரத்து செய்தது. ஜின்னா பற்றிய ஜஸ்வந்த் சிங்கின் நூலுக்கு குஜராத் அரசு 2009இல் விதித்த தடை சில வாரங்களிலேயே நீங்கியது. அனுராதா பசினின் பெயர் இந்த 25 நூல்களின் பட்டியலில் இருப்பதை எங்களால் ஆறப் போட முடியவில்லை. காஷ்மீரில் இணையம் முடக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டவர் அவர். முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவர் எதிர்க்க வழி இருக்க வேண்டும் என்ற தீர்ப்பு 2020 ஜனவரியில் வந்தது அந்த வழக்கில்தான். அவருடைய நூலையே காரணம் சொல்லாத ஓர் ஆணையால் எடுத்துக்கொள்கிறார்கள்.

இது ஸ்ரீநகரின் பிரச்சினை, சென்னையில் இருக்கும் நமக்கென்ன என்று கேட்ட உறுப்பினர்களுக்கு: 98ஆம் பிரிவின்படி, அறிவிக்கை வந்த பின் அந்த நூலை இந்தியாவில் எங்கே கண்டாலும் எந்தக் காவலரும் எடுத்துக்கொள்ளலாம். நீதித்துறை நடுவரின் ஆணை பெற்று, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி வீடு புகுந்து தேடவும் முடியும். ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீநகர்ப் புத்தகக் கடைகளில் போலீஸார் அலமாரி அலமாரியாகத் தேடினார்கள். அதே வாரத்தில் அதே ஊரில், தால் ஏரிக்கரையில், நேஷனல் புக் டிரஸ்டின் சினார் புத்தகத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் அப்படி யாரும் வரவில்லை, வரவேண்டும் என்றும் இல்லை. ஆனாலும் கல்லூரி நூலகர்கள் எங்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: பட்டியலில் உள்ளதை அலமாரியில் வைத்திருக்கலாமா, உள்ளறைக்கு மாற்றிவிடட்டுமா? எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பட்டியலில் உள்ள ஒரு நூலிலிருந்து இரண்டு அத்தியாயங்களைத் தமிழாக்கி வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துப் படியும் ‘பிரதி’தானா என்று கேட்கிறார். யாரும் வந்து பறிக்காமலே நூல்கள் இப்படித்தான் மறைகின்றன.

ஏ. ஜி. நூரானி 2024 ஆகஸ்டில் காலமானார். பம்பாயில் வழக்கறிஞராக வாழ்நாள் முழுவதும் ஆவணங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். காஷ்மீர் பற்றி 1947 முதல் 2012 வரையான அவருடைய நூலும் பட்டியலில் இருக்கிறது. அவர் வந்து வாதாட முடியாது. ஆனால் வாசகர் வாதாடலாம் என்பதை உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நூலில் அக்கறை உள்ள எவரும் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறது 99ஆம் பிரிவு. மூன்று நீதிபதிகள் கொண்ட தனி அமர்வு விசாரிக்கும். சிவாஜி பற்றிய ஜேம்ஸ் லேனின் நூலை 2004இல் மகாராஷ்டிர அரசு பறிமுதல் செய்தபோது, புனேயில் பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தைக் கும்பல் சூறையாடிய சூட்டிலும் நீதிமன்றம் போனவர்கள் ஒரு வழக்கறிஞர், ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன், ஒரு சமூகப் பணியாளர். மூவரும் அந்த நூலை எழுதியவர்களும் அல்லர், பதிப்பித்தவர்களும் அல்லர். 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2010இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள்.

பதிப்பகங்களுக்கு ஒரு வரி: உங்கள் ஆசிரியர்களோடு நீதிமன்றத்துக்கு வாருங்கள். பல்கலைக்கழகங்கள் பாட நூல் பட்டியலை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். உள்துறை துணைநிலை ஆளுநரிடம் இருக்கிறது, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் இல்லை. எனவே எங்கள் கோரிக்கை துணைநிலை ஆளுநர் நிர்வாகத்துக்கே செல்கிறது: அறிவிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அது முடியாது என்றால், ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுதி வெளியிடுங்கள். இந்த இரண்டாவது வாக்கியம் வேண்டாம், அது பறிமுதலை ஏற்றுக்கொள்வது போலாகிவிடும் என்று நான்கு உறுப்பினர்கள் எழுத்தில் மாறுபட்டார்கள். அவர்கள் மாறுபாடும் பதிவேட்டில் இருக்கிறது.

நூலகர்களுக்கு எங்கள் பதில்: எழுத்து வடிவில் ஆணை வராமல் எந்த நூலையும் அலமாரியிலிருந்து நகர்த்த வேண்டாம். யாராவது எடுக்க வந்தால் ஆணையின் நகலைக் கேளுங்கள், எடுக்கப்பட்ட நூல்களின் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள், அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள். இனி வழக்கு பற்றி: இந்த அறிவிக்கையை எதிர்த்து வந்த ஒரு மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டது. வாசகராகத் தன் பெயரைத் தர விரும்பும் உறுப்பினர்கள், 25இல் தாம் படித்த நூல் எது, எந்த ஆண்டில், எதற்காகப் படித்தார்கள் என்று எழுதி அடுத்த கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் சேர்க்கவும்.