பிரிந்தவர்களும் பிரியாத வீடும்



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்தனர். இரண்டுமே மனிதனின் பணத்தையும் பொறுமையையும் அளந்து பார்ப்பவை. இக்காலத்தில் மூன்றாவது ஒன்றையும் அதனோடு சேர்க்க வேண்டியுள்ளது: கல்யாணம் முறிந்தபின், இருவர் பெயரிலும் உள்ள வீட்டைப் பிரித்துப்பார்!

இதைப் பற்றிப் பேசுவது மணமுறிவை ஆதரிப்பதாகாதா எனச் சிலர் கேட்கலாம். ஆகாது. திருமணப் பிணைப்பை மனிதர் அவிழ்க்க இயலாது என்பது திருச்சபையின் மாறாப் போதனை. ஆயினும் சில சட்ட உரிமைகளையோ, பிள்ளைகளின் பராமரிப்பையோ, குடும்பச் சொத்தையோ காப்பாற்ற வேறு வழி இல்லாதபோது அரசு வழங்கும் மணமுறிவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று 1992ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகின்றது. தம்பதியர் பிரிந்து வாழும்போதும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு செய்ய வேண்டுமென்று திருச்சபைச் சட்டம் கட்டளையிடுகின்றது. பிள்ளைகளின் பராமரிப்பில் முதன்மையானது தலைக்குமேல் ஒரு கூரை அன்றோ? வீட்டுப் பங்கைப் பற்றி மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்வதில்லை. அது நாட்டு நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆகவே நாட்டுச் சட்டத்தைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் இரண்டு தவறான எண்ணங்களை நீக்குவோம். மணமுறிவுத் தீர்ப்பு வந்தவுடன் வீடும் தானாகவே இரண்டாகிவிடும் என்பது ஒன்று. கணவன் பெயரில் உள்ள எதிலும் மனைவிக்குச் சரிபாதி உண்டு என்பது மற்றொன்று. நம் நாட்டில் இரண்டும் உண்மையல்ல. பத்திரம் யார் பெயரில் உள்ளதென்றே முதலில் பார்க்கப்படும். இருவர் சேர்ந்து விலைகொடுத்து வாங்கியிருந்து, பங்கு இன்னதென்று எழுதப்படாவிடில், அவரவர் செலுத்திய தொகையின் விகிதப்படி பங்கு அமையும். அதற்கும் சான்று இல்லையெனில் சமபங்கு என்று கொள்ளப்படும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் வகுத்துள்ள நெறி இது. பத்திரத்தில் பெயரில்லாத மனைவியையும், அவள் வாழ்ந்த வீட்டிலிருந்து சட்ட நெறிக்குப் புறம்பாக வெளியேற்ற இயலாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு இக்காப்பை அளிக்கின்றது. ஆனால் அது குடியிருக்கும் உரிமையே தவிர, பங்கு கேட்கும் உரிமை அன்று.

வழக்கு என்று வந்துவிட்டால், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடும்ப நீதிமன்றம் கணவன் மனைவியரின் சொத்து வழக்கையும் விசாரிக்கலாம். மணமுறிவு பெற்றபின் எழும் சொத்து வழக்குக்கும் இது பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2003இல் தெளிவுபடுத்தியது. முதலில் சமரசத்துக்கு முயல்வது அந்நீதிமன்றத்தின் கடமை. அது கைகூடாவிடில் பாகப்பிரிவினைதான். ஒரே சமையலறையும் ஒரே வாசலும் உள்ள சிறு வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியுமா? முடியாதபோது, பாதிப் பங்கோ அதற்கு மேலோ உடையவர் கேட்டால் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். மற்றவர் விரும்பினால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அப்பங்கைத் தாமே வாங்கிக்கொள்ள வழியுண்டு. இதற்கான சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனவே, பல ஆண்டுகள் போராடி, வழக்குச் செலவும் செய்தபின் கிடைக்கப்போவது, முதல் நாளே பேசி முடித்திருக்கக்கூடிய அதே இரண்டு முடிவுகளுள் ஒன்றே!

இதற்கிடையில் வங்கிக் கடன் காத்திருப்பதில்லை. இருவரும் சேர்ந்து வாங்கிய கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளி. 'வீட்டில் இருப்பவர் கட்டட்டும்' என்று ஒருவரும், 'பங்கு கேட்பவர் கட்டட்டும்' என்று மற்றவரும் இருந்துவிட்டால், வங்கி இருவரையுமே தேடி வரும். தவணைகள் தவறிக் கடன் வாராக்கடனாகுமானால், 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, அதன்பின் வீட்டைத் தன் வசப்படுத்த 2002ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் தந்துள்ளது. அன்று இருவருக்கும் வீடு இல்லை.

தாமதத்தால் விளையும் கேடு வேறொன்றும் உண்டு. வழக்கு முடியுமுன் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடின், அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளைச் சேரும். அவர் அரசுச் சட்டப்படி மறுமணம் செய்திருந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அப்பங்கில் மூன்றில் ஒன்று புதிய துணைக்கும், மூன்றில் இரண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்லும். இருவருக்கிடையே இருந்த வழக்கு அன்று இரண்டு குடும்பங்களின் வழக்காகிவிடும்.

ஆதலின் வீட்டுக் கணக்கை மணமுறிவோடு சேர்த்தே முடித்துவிடுவது விவேகம். 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கிறிஸ்தவர் இருவர் இசைந்து கொடுக்கும் மணமுறிவு மனுவில், தீர்ப்புக்கு முன் ஆறு மாதத் தவணை வைக்கப்பட்டுள்ளது. மனம் மாறி மீண்டும் சேர்வதற்கே அக்காலம் முதலில் பயன்படட்டும். அது இயலாதெனில், கணக்குப் பார்ப்பதற்கேனும் பயன்படட்டும். எடுத்துக்காட்டாக, வீட்டின் இன்றைய மதிப்பு 40 லட்சம் ரூபாய், மீதிக் கடன் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிரிக்க வேண்டியது 28 லட்சமே. சமபங்கு எனில் ஆளுக்கு 14 லட்சம். ஒருவர் மற்றவருக்கு 14 லட்சம் கொடுத்துக் கடனையும் ஏற்கலாம். அல்லது வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது கடைசிப் பிள்ளை படித்து முடிக்கும் வரை வீட்டை விற்பதில்லை என்றும், அதுவரை தவணையும் வரியும் யார் கட்டுவதென்றும் எழுதி வைக்கலாம். எதுவாயினும் வாய்ச்சொல் போதாது. பங்கை விட்டுக்கொடுப்பவர் விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். கடனிலிருந்து ஒருவர் பெயரை நீக்க வங்கியின் எழுத்து மூலமான இசைவும் வேண்டும்.

இம்மட்டும் சட்டம். மனச்சான்றின் கணக்கு இதைவிட நீண்டது. முன்பணம் கட்டுவதற்காக விற்கப்பட்ட மனைவியின் நகை பத்திரத்தில் ஏறுவதில்லை. பாலைவன நாட்டில் கணவன் ஓய்வின்றி உழைத்த இரவுகளும் அதில் ஏறுவதில்லை. சான்று இல்லை என்பதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சாதிப்பவர் வழக்கில் வெல்லலாம். ஆண்டவர் முன் அது களவேயாகும். நீதிபதிக்குத் தெரியாதது உங்கள் இருவருக்கும் தெரியுமே!

பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் ஒரு சொல். 'ஒரு செங்கல்லைக்கூட விட்டுக்கொடுக்காதே' என்று தூண்டிவிடுவது பாசமன்று. அச்செங்கல்லின் விலையை உங்கள் பேரப்பிள்ளைகளே செலுத்துகின்றனர். பூட்டிய வீட்டைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, தாயும் தந்தையும் தன்னைவிட அச்சுவரையே மிகுதியாக நேசித்தனர் என்று எண்ணாதா?

சொத்தைப் பிரித்துத் தரும்படி தம் சகோதரனுக்குச் சொல்லுமாறு ஒருவன் நம் ஆண்டவரைக் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். பாகம் பிரிப்பவராக இருக்க அவர் இசையவில்லை. பேராசையைக் குறித்தே எச்சரித்தார். பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவோருக்கு நாமும் பாகம் பிரித்துத் தர இயலாது. ஆனால் ஒன்று சொல்ல இயலும். திருமணத்தில் ஒருவருக்கொருவர் அளித்த வாக்கைக் காக்க முடியாமற் போனவர்களும், பிரிவில் ஒருவருக்கொருவர் நீதி செய்ய இன்னும் கடமைப்பட்டவர்களே. அன்பு குன்றிய இடத்திலும் நேர்மை குடியிருக்கலாம். சிந்திப்போமாக.