ஒரு தாள் போதுமா?

பிரிக்பீல்ட்ஸ் வட்டார முதியோரின் இரத்த அழுத்தத்தை ஓராண்டு தொடர்ந்து ஆய்வு செய்யப்போகும் மாணவி ஒருவர் கேட்டார்: "ஐயா, எல்லா விவரங்களையும் ஒரே எக்செல் தாளில் போட்டுவிடலாமா?"

பதிலைக் கிள்ளானிலிருந்து தொடங்குகிறேன். 1901இல் அங்கே மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். நகரிலும், போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி மலேரியாவை ஒடுக்க முனைந்தார்.

கிள்ளான் மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகள் 1903இல் 219 பேர். 1905இல் 376 பேர். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால், வடிகாலுக்குச் செலவிட்ட பணம் வீண் என்றுதான் தோன்றும். நல்லவேளை, நோயாளி எங்கே குடியிருந்தார் என்பதும் பதிவாகியிருந்தது. நகரவாசிகள் 1901இல் 334 பேர், 1905இல் வெறும் 12. துறைமுகத்தில் 188 பேர் 11 ஆகக் குறைந்தனர். மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில்தான் 197 பேர் 353 ஆகப் பெருகியிருந்தனர். வடிகால் பலித்திருந்தது, நோய் மிஞ்சியிருந்தது நகருக்கு வெளியே. வாட்சனின் கவனம் பின்னர் நம்மவர்கள் உழைத்த தோட்டங்கள் பக்கம் திரும்பியது.

ஆகவே, தொகையை எழுதி வைக்காதீர்கள். ஒவ்வோர் ஆளையும் பதியுங்கள். எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். கூட்டிய பிறகு பிரிக்க முடியாது.

இனி மாணவியின் கேள்வி. ஒரே தாளில் 'முதல் வருகை', 'இரண்டாம் வருகை' என்று பத்திகளை நீட்டிக்கொண்டே போனால், ஒருவர் மூன்று முறை வருவார், இன்னொருவர் பதினைந்து முறை வருவார். தாள் ஓட்டையும் உடைசலுமாகிவிடும். இரண்டு அட்டவணை போடுங்கள். முதலாவதில் ஆளுக்கு ஒரு வரி: ஆய்வு எண், பாலினம், பிறந்த ஆண்டு. இரண்டாவதில் வருகைக்கு ஒரு வரி: அதே ஆய்வு எண், தேதி, அழுத்த அளவு, அன்றைய குடியிருப்பு. மாறாதது முதலாவதில், மாறக்கூடியது இரண்டாவதில். பாதி ஆண்டில் ஒரு பாட்டி மகன் வீட்டோடு கிள்ளானுக்குப் போய்விட்டாலும் பழைய பதிவு கெடாது.

ஊர்ப் பெயரைக் கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஒருவர் 'கிள்ளான்' என்பார், இன்னொருவர் 'கிளாங்' என்பார். கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். பெயரும் அடையாள அட்டை எண்ணும் வேறொரு கோப்பில், பூட்டோடு இருக்கட்டும்.

ஒருவர் மட்டும் பதிவதானால் எக்செலில் இரண்டு தாள் போதும். பலர் ஒரே நேரத்தில் பதிவதானால் தரவுத்தளத்துக்கு மாறுங்கள். எதுவானாலும், முதல் முதியவரைச் சந்திக்கும் முன்பே அட்டவணையை வரைந்துவிடுங்கள். கேட்காமல் விட்ட கேள்விக்கு எந்த மென்பொருளாலும் பதில் தேடித் தர முடியாது.