வெயிலில் நடக்கும் தாயும் மகனும்

பிரான்சு நாட்டு ஓவியர் மோனே 1873-ல் தீட்டிய பாப்பிப் பூக்காட்டுப் படத்தில், குடை பிடித்த தாயும் சிறுவனும் மேட்டுச் சரிவில் நடக்கிறார்கள். பூக்கள் வெறும் சிவப்புப் பொட்டுகள், முகங்களும் தெளிவில்லை. ஆயினும் பகல் வெளிச்சத்தின் இதம் மனத்தைத் தொடுகிறது. மேட்டின் மேலும் அதேபோல் ஒரு சோடி. நம் கண்ணும் அவர்களோடு இறங்குகிறது.

கீழே நடப்பவர்கள் மோனேயின் மனைவி கமீலும் மகன் ழானும் என்பார்கள். கமீல் 1879-ல் காலமானார். படத்திலோ அந்த வெயில் இன்னும் சாயவில்லை.

ஸ்கூடாய்ப் பக்கம், விடியற்காலைப் பனியில் பால் மரங்களிடையே வாளியோடு நடந்த பாட்டிமார் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வண்ணப் பெட்டியும் கொடுங்கள். முகம் சரியாக வராவிட்டால் என்ன? அந்தக் காலை வெளிச்சம் வந்தால் போதும்; பாட்டியும் வந்துவிடுவார்.