பெயரைக் கேட்டு வாங்காதீர்!



சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலையில், நமக்கு நன்கு அறிமுகமான குடும்பத் தலைவர் ஒருவர் கையில் ஒரு விலைச்சீட்டுடன் நம்மைக் காண வந்தார். தச்சுத் தொழில் செய்பவர். மூத்த மகள் கல்லூரியில் வணிகவியல் பயில்கிறாள். அவளுக்கென்றே மாதந்தோறும் கட்டிய சீட்டுப் பணத்தை எடுத்து, நகரத்துக் கடை ஒன்றில் உறுப்புகளைப் பொருத்திய கணினி ஒன்றை வாங்கி வந்திருந்தார். விலைச்சீட்டில் 'ஐ7' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"ஐ3, ஐ5, ஐ7 என்றால் ஏழுதானே சாமி உயர்ந்தது? பிள்ளைக்கு உயர்ந்ததையே வாங்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். இப்போது அவள் பாடத்திற்கு வேண்டிய மென்பொருள் விண்டோஸ் 11 கேட்கிறதாம். இந்தப் பெட்டி அதை ஏற்காதாம்" என்றார். மகள் அவரை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை; தோழியின் வீட்டிற்குச் சென்று பயிற்சிகளை முடித்து வருகிறாள். அந்த மௌனம்தான் அவரை வாட்டியது.

கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்துப் பெட்டியைத் திறந்து பார்க்கச் செய்தோம். உள்ளே இருந்தது 'ஐ7-3770' என்னும் செயலி. அது 2012-ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. கடைக்காரர் கூறியது பொய்யன்று. ஆயின் அது முழு உண்மையும் அன்று. இத்தகைய ஏமாற்றம் வேறெந்த இல்லத்திற்கும் நேராதிருக்க, இத்திங்கள் இப்பொருள் பற்றியே சிந்திப்போம்.

கணினிக்குள் இருப்பவற்றுள் முதன்மையானவை இரண்டு. கடைகளில் 'பிராசசர்' எனப்படும் செயலி, கணக்கிடும் வேலையைச் செய்வது. 'மதர்போர்டு' எனப்படும் தாய்ப்பலகையோ, செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகிய அனைத்தையும் தன்மேல் தாங்கி ஒன்றோடொன்று இணைப்பது. செயலியின் பெயரை விளம்பரங்கள் உரக்கக் கூவுகின்றன. தாய்ப்பலகையின் பெயரை எவரும் கேட்பதில்லை. எனினும், வாங்கிய கணினி எத்தனை ஆண்டு பயன்படும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்தத் தாய்ப்பலகையே. இல்லங்களிலும் இப்படித்தான் அன்றோ?

முதலில் செயலியைப் பார்ப்போம். இன்டெல் நிறுவனம் 'ஐ7' என்னும் பெயரை 2008-ஆம் ஆண்டு முதல் வழங்கி வந்தது. எனவே அப்பெயர் மட்டும் ஒன்றையும் உணர்த்துவதில்லை. அதன்பின் வரும் எண்ணே தலைமுறையை உணர்த்துவது. 'ஐ7-3770' என்பதில் முதலில் நிற்கும் 3, மூன்றாம் தலைமுறை. 'ஐ3-12100' என்பதில் 12, பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டும் நான்கு கருக்களும் எட்டு இழைகளும் கொண்டவையே. ஆயினும், 2022-இல் வெளிவந்த அந்த 'ஐ3', பத்தாண்டு மூத்த 'ஐ7'-ஐ வேகத்தில் எளிதாக விஞ்சிவிடும். மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பின் வந்தவற்றையுமே ஏற்கிறது. இதனை அறியாது பழைய செயலிக்குப் புதுப்பணம் கொடுப்பது, ஓடி முடித்த வண்டிக்குப் புதுச்சாயம் பூசி வாங்குவதை ஒக்கும்.

எண்ணின் இறுதியில் நிற்கும் எழுத்தையும் நோக்குதல் வேண்டும். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் வசதி அதற்குள் இல்லை என்று பொருள். விலை சற்றுக் குறைவே. ஆயின் தனியே ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்காவிடில் திரை இருண்டே கிடக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ரைசன் 5 5600' செயலியிலும் அவ்வசதி இல்லை. 'ரைசன் 5 5600ஜி'யில் உண்டு. ஓர் எழுத்தில் எத்துணை வேறுபாடு!

பிள்ளைகளின் பாடம், வணிகக் கணக்கு, கடிதம், இணைய வழி வகுப்பு ஆகியவற்றிற்கு நான்கு கருக்கள் கொண்ட புதிய தலைமுறைச் செயலி போதும். காணொளித் தொகுப்போ நிரலெழுதுதலோ பயில்வோர்க்கு ஆறு கருக்கள் கொண்டது நன்று. அதற்கு மேல் செலவிடத் தோன்றும் பணத்தை நினைவகத்திற்கும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்திற்கும் ஒதுக்குவதே அறிவுடைமை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றனர் நம் முன்னோர்.

அடுத்து, தாய்ப்பலகை. அதில் செயலி அமரும் இடத்தைச் 'சாக்கெட்' என்பர். ஒரு சாக்கெட்டிற்குரிய செயலி மற்றொன்றில் பொருந்தாது. சில வேளைகளில் உருவம் ஒத்திருந்தும் உறவு ஒத்துவருவதில்லை. 2015-இல் வந்த எல்.ஜி.ஏ. 1151 பலகைகளில், அதே எண்ணுள்ள சாக்கெட்டிற்கென 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகள் இயங்கவில்லை. புதிய பலகையும் வாங்க வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, 2017-இல் ரைசன் செயலிகளோடு பரவிய ஏ.எம்.4 பலகைகளின் கதையைக் கேளுங்கள். பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலுக்கு 2022-இல் வெளியான திருத்தங்களால், அந்த முதல் பலகைகளுள் பலவும் 2020-இல் தொடங்கிய 5000 வரிசைச் செயலிகளை ஏற்றுக்கொண்டன. ஐந்தாண்டு பழகிய அதே பலகை; செயலி மட்டும் புதிது. எளிய குடும்பத்திற்கு இது எத்துணைப் பெரிய சேமிப்பு!

இன்று சிக்கனமாக வாங்க விழைவோர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, வளர்ச்சி ஏறத்தாழ நிறைவுற்ற வரிசை: ஏ.எம்.4, அல்லது இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்குரிய எல்.ஜி.ஏ. 1700. விலை பெரும்பாலும் குறைவு. இன்று 'ஐ3' வைத்து, பின்னொரு நாள் அதே பலகையில் 'ஐ5' பொருத்தலாம். ஆயின் 2024-இல் இன்டெல் எல்.ஜி.ஏ. 1851 என்னும் புதிய சாக்கெட்டிற்கு மாறிவிட்டதால், அதனினும் தொலைவு செல்லும் பாதை இல்லை. மற்றொன்று, 2022-இல் வந்த ஏ.எம்.5. இது டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்பது. தொடக்கச் செலவு மிகுதி. ஆயினும் 2027-ஆம் ஆண்டிலும் அதற்கு அப்பாலும் இதற்கு ஆதரவு உண்டென ஏ.எம்.டி. அறிவித்துள்ளது. படிப்பு முடியும் வரை போதும் என்போர் முதல் வழியையும், ஆண்டுகள் பலவாக வளர்த்துக்கொள்ள எண்ணுவோர் இரண்டாம் வழியையும் நாடலாம்.

பலகையிலும் மிக மலிவானதைத் தேடி ஓடுதல் வேண்டா. எச்610 வகைப் பலகையில் நினைவகத்திற்கு இரண்டு இடங்களே உண்டு. பி660 வகையில் நான்கு வரை அமையக்கூடும். 2025-இன் இறுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறிற்று. எனவே இன்று ஓர் இடத்தை மட்டும் நிரப்பி, மற்றதைப் பின்னாளுக்கென ஒழிவாக வைத்தல் தவறன்று. எல்.ஜி.ஏ. 1700 பலகைகளுள் டி.டி.ஆர்.4 ஏற்பவையும் உண்டு, டி.டி.ஆர்.5 ஏற்பவையும் உண்டு. ஒன்றின் நினைவகம் மற்றொன்றில் நுழையாது. இல்லத்தில் பழைய திரை இருப்பின், அதன் இணைப்பு வாய் பலகையில் உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். செயலியின் முழுப் பெயரும் எண்ணும் என்ன, அது எந்த ஆண்டு வெளிவந்தது? கிராபிக்ஸ் வசதி அதனுள் உண்டா? தாய்ப்பலகையின் சாக்கெட் எது, பின்னாளில் எந்தச் செயலி வரை அதில் பொருத்தலாம்? நினைவகம் எவ்வகை, எத்தனை இடங்கள்? இச்செயலியை ஏற்கும் பயாஸ் பலகையில் இப்போதே உள்ளதா, இரண்டிற்கும் தனித்தனியே எத்தனை ஆண்டு உத்தரவாதம்? விடைகளை விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கும் கடையில் பணத்தை எண்ணி வைக்கவும் தயங்குங்கள்.

நம் நண்பரின் கணினியைக் கடைக்காரர் திரும்ப ஏற்கவில்லை. அவ்விளைஞர் அதில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் பயிலும் மகனுக்கு அது இப்போது நன்றாகவே உதவுகிறது. மகளுக்கு வேறொன்று வாங்க இன்னொரு சீட்டு தொடங்கியிருக்கிறார். இம்முறை கடைக்கு அவளையும் அழைத்துச் செல்வதாகக் கூறினார்.

"கேள்வி கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களே எனக் கூச்சப்பட்டேன் சாமி" என்றார் அவர், விடைபெறும்போது. பெற்றோரே, மரத்தின் வயதும் வைரமும் அறியாமல் அவர் ஒரு பலகையையும் விலைக்கு வாங்கியதில்லை. தம் தொழிலில் காட்டும் அந்த விழிப்பைத் தம் பிள்ளைக்கு வாங்கும் பொருளிலும் காட்டுவதற்குக் கூச்சம் எதற்கு? வியர்வை சிந்தி ஈட்டிய பணத்திற்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையை விட்டுக்கொடாதீர்கள்.