வானத்திலும் எல்லைக்கோடுகள்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையிலான நேர்வழித் தூரம் சுமார் 7,800 கிலோ மீற்றராகும். 2022ஆம் ஆண்டின் ஆரம்பம் வரை இத்தூரத்தை விமானங்கள் ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலங்களில் கடந்து வந்தன. அதன் பின்னர் அதே பயணத்துக்குச் சுமார் 13 மணித்தியாலங்கள் தேவைப்படுகின்றன. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விமானங்களின் வேகமும் குறையவில்லை. எனினும் பயணம் மாத்திரம் நீண்டுவிட்டது.

இதற்கான காரணத்தை அரசியலிலேயே தேட வேண்டியுள்ளது. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததையடுத்து, ஐரோப்பிய நாடுகள் தமது வான்பரப்பை ரஷ்ய விமானங்களுக்கு மூடின. பதிலடியாக 36 நாடுகளின் விமான சேவைகளுக்குத் தனது வான்பரப்பை ரஷ்யா மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லும் குறுகிய வழி சைபீரியாவுக்கு மேலாகவே அமைந்துள்ளது. அவ்வழி அடைபட்டதால், பின்லாந்தின் விமானங்கள் வடதுருவத்தைத் தாண்டியோ, தெற்கே மத்திய ஆசியாவினூடாகவோ சுற்றிச் செல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டன.

1983ஆம் ஆண்டில், பனிப்போர் உச்சத்திலிருந்த வேளையில், இதே நகரங்களுக்கிடையிலான நேரடிச் சேவை சோவியத் வான்பரப்பைத் தவிர்த்து வடதுருவத்தின் வழியாகவே ஆரம்பிக்கப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. நாற்பது ஆண்டுகால முன்னேற்றத்தின் பின்னரும் விமானம் அதே பழைய பாதைக்குத் திரும்ப நேர்ந்துள்ளது.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனது வான்பரப்பின் மீது முழு இறைமை உண்டென்பதை 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை ஏற்றுக்கொண்டுள்ளது. அந்த உரிமை அவசியமானதே. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனுக்கு மேலாகப் பறந்த மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் பலியானபோது, போர் நிகழும் பகுதியின் வான்பரப்பை முற்றாக மூடாததன் விலை என்னவென்பதை உலகம் கண்டது. ஆனால், உயிர்களைக் காப்பதற்காக வான்பரப்பை மூடுவது வேறு. எதிர்த்தரப்பைத் தண்டிப்பதற்காக மூடுவது வேறு.

இரண்டாவது வகைக்கு உதாரணங்கள் நமக்கு அண்மையிலும் உள்ளன. 2017 ஜூனில் அயல் அரபு நாடுகள் கட்டார் விமானங்களுக்கு வான்பரப்பை மூடின. 2021 ஜனவரியிலேயே அத்தடை நீங்கியது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வழியை அடைத்தன. மத்திய கிழக்கில் தொழில் புரிவோரையும் மேற்குலகெங்கும் உறவுகளையும் கொண்ட நம் நாட்டு மக்களுக்கு இது அந்நிய விடயமன்று.

மேலதிக மணித்தியாலம் ஒவ்வொன்றும் மேலதிக எரிபொருளாகவும் மேலதிக ஊழியர் செலவாகவும் மாறுகின்றது. அச்சுமையின் ஒரு பங்கு ஈற்றில் பயணச்சீட்டின் விலையிலேயே வந்து சேர்கின்றது. தடையை விதிப்பவர்கள் ஆட்சியாளர்கள். அதன் விலையைச் செலுத்துபவர்களோ அம்முடிவுகளில் எவ்விதப் பங்குமற்ற சாதாரண பயணிகள். நாடுகளுக்கிடையிலான தூரத்தை விஞ்ஞானம் எவ்வளவுதான் குறைத்தாலும், அதனை நிலைக்கச் செய்வது சமாதானம் ஒன்றே.