வாசலிலேயே மறுத்துவிடுங்கள்

நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகையொன்றின் ஆசிரியபீடத்துக்குக் கனடாவிலிருந்து மின்னஞ்சலில் ஒரு மரண அறிவித்தல் வந்தது. வந்தது என்பதே எமக்குத் தெரியாது. இறுதிக் கிரியைகள் முடிந்த பின்னர் இறந்தவரின் மகன் தொலைபேசியில் கேட்டபோதுதான் தேடினோம். எரிதங்களுக்கென ஒதுக்கிய கோப்புறையில், மருந்து வியாபாரிகளுக்கும் லொத்தர் மோசடிக்காரர்களுக்கும் நடுவே அது கிடந்தது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதியிருந்தார்கள். நமக்கு அது தமிழ். இயந்திரத்துக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

"அஞ்சல் திரும்பி வரவில்லை, ஆகவே கிடைத்திருக்கும் என்று நம்பினோம்" என்றார் மகன். அந்த நம்பிக்கையில் என்ன பிழை?

மென்பொருளையும் நான் குறைகூற மாட்டேன். ஜஸ்டின் மேசன் 2001 இல் வெளியிட்ட ஸ்பாம்அசாசின் எந்த அஞ்சலையும் தானாக அழிப்பதில்லை. புள்ளியிடும், 5 புள்ளியை எட்டினால் எரிதமெனக் குறியிடும். அதன் பின்னர் என்ன செய்வதென்பது, அதனை அஞ்சல் சேர்வருடன் இணைப்பவரின் பொறுப்பு. எமது சேர்வரோ 'ஏற்றுக்கொண்டேன்' என்று மறுமுனைக்குச் சொன்ன பின்னரே வடிகட்டியிடம் அஞ்சலைக் கொடுத்தது. பின்னர் திருப்பி அனுப்பலாமே என்பீர்கள். எரிதங்களின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது. திருப்பினால் ஏதுமறியாத மூன்றாமவரின் பெட்டிதான் நிரம்பும்.

போஸ்ட்பிக்ஸ் சேர்வரில், 2006 இல் வந்த 2.3 ஆம் பதிப்பு முதல், 'மில்டர்' என்னும் இணைப்புமுறை உண்டு. ஏற்றுக்கொள்ளும் முன்னரே வடிகட்டியைக் கேட்டு, வேண்டாததை 550 என்ற மறுமொழியுடன் வாசலிலேயே மறுக்கலாம். அப்போது அனுப்பியவருக்கு அவரது சேர்வரே அறிவித்துவிடும். அவர் உடனே தொலைபேசியை எடுப்பார். சேர்வருக்குச் சுமை கூடும் என்று தொழில்நுட்பவியலாளர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

விதிகளும் தவறக்கூடியவையே. 2010 ஜனவரி முதலாந் திகதி, அவ்வாண்டுத் திகதியிட்ட அஞ்சல்களையெல்லாம் தொலைதூர எதிர்காலத்தவை எனக் கருதி, ஸ்பாம்அசாசினின் விதியொன்று மூன்றுக்கு மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்தது! அன்று சத்தமின்றி மறைந்த நல்லஞ்சல்கள் எத்தனையோ.

அதன் பேய்சியன் பகுதி, 200 எரிதங்களும் 200 நல்லஞ்சல்களும் காட்டிய பின்னரே மதிப்பிடத் தொடங்கும். பிற்பாடு நாங்கள் பழைய மரண அறிவித்தல்களை, பாமினியில் வந்தவை உட்பட, நல்லஞ்சல்களெனக் கற்பித்தோம்.

அந்தியேட்டி அறிவித்தலை அந்த மகன் தொலைபேசியிலேயே வாசித்தார். நான் கையால் எழுதிக்கொண்டேன். மின்னஞ்சலில் அனுப்ப அவர் இணங்கவில்லை.